ஐ.எம்.பி.: திசைவிகளின் முன்னோடியை நிறுவியதும் பழுது பார்த்ததும்

ஐ.எம்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இன்டர்ஃபேஸ் மெசேஜ் பிராசஸர், ஆர்ப்பாநெட் வலையமைப்பில் 1969 முதல் பயன்பட்ட ஒரு கருவியாகும். ஆய்வு நிறுவனங்களின் பெரிய கணினிகளுக்கும் தொலைபேசி இணைப்புகளுக்கும் நடுவில் நின்று, செய்திகளைச் சிறு சிறு பொதிகளாகப் பிரித்து, அவற்றை உரிய இடத்துக்கு அனுப்புவதே இதன் வேலை. இன்று வீட்டிலும் அலுவலகத்திலும் காணும் ரூட்டர், அதாவது திசைவி, செய்கின்ற பணியின் தொடக்கம் இதுவே. ஆகவே இது திசைவிகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

ஒரு வலையமைப்பு இடைமுகத்தை நிறுவுபவர் முதலில் சந்திக்கும் கேள்வி, 'பழுது எந்தப் பக்கத்தில்?' என்பதாகும். கணினியிலா, இடைமுகத்திலா, கம்பியிலா, எதிர்முனையிலா? இந்தக் கேள்விக்கு விடை காணும் வழியைக் கருவிக்குள்ளேயே வைத்துக் கட்டியது ஐ.எம்.பி.யின் சிறப்பு. அந்த வழி எங்கெல்லாம் எட்டவில்லையோ அங்கிருந்தே அதன் பெரிய கோளாறுகள் பிறந்தன. இக்கட்டுரை அந்த வரலாற்றைக் கூறுகிறது.

பின்னணி

1960களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா அமைப்பு, பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் நடந்த கணினி ஆய்வுகளுக்கு நிதி வழங்கி வந்தது. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு வகைக் கணினி இருந்தது. ஒன்றில் எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. இவற்றை ஒரே வலையமைப்பில் இணைக்கும் பொறுப்பு லாரி ராபர்ட்ஸிடம் வந்தது.

1967 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த கூட்டத்தில் ராபர்ட்ஸ் தம் திட்டத்தை விளக்கினார். ஒவ்வொரு மையக் கணினியும் தானே வலையமைப்பு வேலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய முதல் எண்ணம். வந்திருந்தவர்கள் தயங்கினர். கணினி நேரம் அப்போது விலை உயர்ந்த பொருள். அடுத்தவர் அனுப்பும் செய்தியைக் கடத்துவதற்காகத் தங்கள் நேரத்தைக் கொடுக்க யாரும் விரும்பவில்லை. அப்போது வெஸ்லி கிளார்க் என்ற கணினி வடிவமைப்பாளர் வேறொரு வழியைச் சொன்னார். மையக் கணினிகளைத் தொட வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறிய கணினியை வைத்து, வலையமைப்பு வேலை முழுவதையும் அதனிடம் ஒப்படைத்துவிடலாம் என்றார். அந்தச் சிறிய கணினியே பின்னர் ஐ.எம்.பி. என்று பெயர் பெற்றது.

இந்த யோசனை செலவையும் நேரத்தையும் மிச்சப்படுத்தியதோடு, பொறுப்பையும் இரண்டாகப் பிரித்தது. ஐ.எம்.பி.யும் தொலைபேசி இணைப்புகளும் ஒருவர் பொறுப்பு. மையக் கணினியும் அதை ஐ.எம்.பி.யுடன் இணைக்கும் சுற்றும் நிரலும் அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பு.

கருவியும் குழுவும்

ஐ.எம்.பி.க்களைக் கட்டும் ஒப்பந்தம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்துக்குக் கிடைத்தது. சுருக்கமாக இது பி.பி.என். எனப்படும். 1969 தொடக்கத்தில் வேலை ஆரம்பமானது. ஃபிராங்க் ஹார்ட் குழுத்தலைவர். வில் கிரவுதர், டேவ் வால்டன், பெர்னி கோசெல் ஆகியோர் மென்பொருளை எழுதினர். செவெரோ ஆர்ன்ஸ்டைனும் பென் பார்க்கரும் வன்பொருளைக் கவனித்தனர். பாப் கான் கோட்பாட்டையும் விவரக்குறிப்புகளையும் பார்த்துக்கொண்டார்.

அடிப்படைக் கருவியாக ஹனிவெல் நிறுவனத்தின் டி.டி.பி.-516 என்ற சிறுகணினி தேர்ந்தெடுக்கப்பட்டது. அதில் 16 பிட் அளவுள்ள சுமார் 12,000 சொற்களைக் கொள்ளும் காந்த வளைய நினைவகம் இருந்தது. குளிர்ப்பதனப் பெட்டி அளவும் சுமார் 400 கிலோ எடையும் கொண்ட அக்கருவி, போர்க்களத்திலும் தாங்கும் உறுதியான எஃகுப் பெட்டிக்குள் வந்தது. பல்கலைக்கழக அறையில் ஆர்வமுள்ள மாணவர்கள் உள்ளே கை வைக்காமல் இருக்கவும் அந்தப் பெட்டி உதவும் என்று ஹார்ட் கருதினார்.

1822: எல்லைக்கோட்டை வரைந்த ஆவணம்

மையக் கணினியும் ஐ.எம்.பி.யும் எப்படி இணைய வேண்டும் என்பதைப் பாப் கான் எழுதிய விவரக்குறிப்பு வகுத்தது. பி.பி.என். நிறுவனத்தின் அறிக்கை வரிசையில் அதன் எண் 1822. ஆகவே அந்த இணைப்பே '1822 இடைமுகம்' என்று பெயர் பெற்றது.

இதில் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்கள் மூன்று.

முதலாவது, வேகம். ஒவ்வொரு கணினியும் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால், பொதுவான கடிகாரம் ஒன்றை நம்ப முடியாது. எனவே பிட்டுகள் ஒவ்வொன்றாகக் கைமாற்றப்பட்டன. கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுபவர்களைப் போன்றது இம்முறை. அடுத்தவர் கை நீட்டினால்தான் செங்கல் போகும். பெறும் பக்கம் 'அடுத்த பிட்டுக்குத் தயார்' என்று ஒரு கம்பியில் அறிவிக்கும். அனுப்பும் பக்கம் பிட்டை வைத்துவிட்டு 'இதோ பிட்' என்று மற்றொரு கம்பியில் அறிவிக்கும். யார் தாமதித்தாலும் பிட் தொலையாது.

இரண்டாவது, சொல்லின் நீளம். ஐ.எம்.பி.யில் ஒரு சொல் 16 பிட். எஸ்.டி.எஸ். 940 கணினியில் 24. சிக்மா 7, ஐ.பி.எம். 360 ஆகியவற்றில் 32, பி.டி.பி.-10 கணினியில் 36. ஒரு கணினியின் செய்தி மற்றொன்றின் சொல் எல்லையில் சரியாக முடியாது. இதற்காக, செய்தியின் முடிவில் ஒரு '1' பிட்டைச் சேர்த்து, எஞ்சிய இடத்தைப் பூச்சியங்களால் நிரப்பும் வேலையை இடைமுகச் சுற்றே செய்தது. பெறுபவர் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பார்த்து, முதலில் தென்படும் '1' வரை நீக்கினால் உண்மையான செய்தி கிடைக்கும்.

மூன்றாவது, மறுபக்கம் உயிருடன் இருக்கிறதா என்பது. இதற்காக இரு பக்கமும் தலா ஒரு 'தயார்' கம்பியை வைத்திருந்தன. அது அணைந்தால், அந்த நேரத்தில் போய்க்கொண்டிருந்த செய்தியை நம்பக் கூடாது. மீண்டும் எரிந்தால், மையக் கணினி முதலில் பொருளற்ற வெற்றுச் செய்திகள் சிலவற்றை அனுப்ப வேண்டும். அரைகுறையாக நின்றுபோன பழைய செய்தியின் மிச்சம் அவற்றோடு கழிந்துவிடும். அதன் பிறகே உண்மையான செய்தி.

ஐ.எம்.பி.க்கு அருகில் இருக்கும் கணினிக்கு 30 அடி வரையிலான கம்பியும், தள்ளி இருக்கும் கணினிக்கு 2,000 அடி வரையிலான கம்பியும் வேறு வேறு மின்முறைகளில் அனுமதிக்கப்பட்டன. ஒவ்வொரு நிறுவனமும் இந்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன் கணினிக்கான இடைமுகத்தைத் தானே கட்டிக்கொண்டது.

முதல் கருவியின் பழுதுகள்

ஹனிவெல் நிறுவனம் அனுப்பிய முதல் மாதிரிக் கருவி வந்த நிலையில் வேலை செய்யவில்லை. பி.பி.என். கொடுத்த வடிவமைப்பின்படி அதன் உள் இணைப்புகள் அமையவில்லை. பார்க்கர் அலைகாட்டியையும் கம்பி சுற்றும் கருவியையும் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊசியாகப் பார்த்துத் தவறான கம்பிகளைக் கழற்றி மாற்ற வேண்டியிருந்தது.

அதைவிடக் கடினமானது மற்றொரு பழுது. கருவி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, கணிக்க முடியாத ஒரு நேரத்தில் நின்றுவிடும். மறுபடி இயக்கினால் ஓடும். இப்படி அரிதாகவும் ஒழுங்கின்றியும் வரும் பழுதே பழுது பார்ப்பவருக்குப் பெரும் சோதனை. இது ஒத்திசைவுச் சுற்றின் குறை என்பதை ஆர்ன்ஸ்டைன் உணர்ந்தார். வெளியிலிருந்து வரும் குறிப்பு கணினியின் கடிகாரத்தோடு பொருந்தி வராது. சுற்று 'ஆம்' அல்லது 'இல்லை' என்று முடிவு செய்ய வேண்டிய அதே கணத்தில் குறிப்பும் வந்து சேர்ந்தால், சுற்று எந்தப் பக்கமும் சாயாமல் சிறிது நேரம் நடுவில் நின்றுவிடும். வெளியுலகத்தோடு பேசும் இடைமுகங்கள் நிறைந்த கருவிக்கு இது இயல்பாகவே வரக்கூடிய நோய். சுற்று திருத்தப்பட்ட பிறகே கருவி நிலையாக ஓடியது.

கலிபோர்னியாவில் நிறுவுதல்

முதல் ஐ.எம்.பி. 1969 ஆகஸ்ட் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, அதாவது யு.சி.எல்.ஏ.வுக்கு வந்து சேர்ந்தது. அங்கே லெனார்ட் கிளைன்ராக் ஆய்வுக்குழுவை நடத்திவந்தார். அவர்களுடைய சிக்மா 7 கணினிக்கான இடைமுகச் சுற்றை மைக் விங்ஃபீல்ட் என்ற மாணவர் 1822 ஆவணத்தைப் பார்த்துக் கட்டி வைத்திருந்தார். செப்டம்பர் 2 அன்று சிக்மா 7-க்கும் ஐ.எம்.பி.க்கும் இடையே பிட்டுகள் போய்வந்தன. கண்டத்தின் ஒரு கரையில் கட்டிய கருவியும் மறுகரையில் கட்டிய சுற்றும், ஓர் ஆவணத்தை மட்டுமே நடுவில் வைத்துக்கொண்டு பொருந்தின.

இரண்டாவது ஐ.எம்.பி. அக்டோபரில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனமான எஸ்.ஆர்.ஐ.க்குச் சென்றது. அங்கிருந்த மையக் கணினி எஸ்.டி.எஸ். 940. இரண்டு இடங்களையும் நொடிக்கு 50,000 பிட் வேகமுள்ள வாடகைத் தொலைபேசி இணைப்பு சேர்த்தது.

1969 அக்டோபர் 29 இரவு 10:30 மணிக்கு யு.சி.எல்.ஏ. மாணவர் சார்லி கிளைன், எஸ்.ஆர்.ஐ. கணினிக்குள் நுழைவதற்காக 'லாகின்' என்ற கட்டளையின் ஆங்கில எழுத்துகளைத் தட்டத் தொடங்கினார். மறுமுனையில் இருந்த பில் டுவாலுடன் அவர் தொலைபேசியிலும் பேசிக்கொண்டிருந்தார். 'எல்' வந்தது என்று டுவால் சொன்னார். 'ஓ' வந்தது என்றார். 'ஜி' தட்டியதும் எஸ்.ஆர்.ஐ. பக்கத்து அமைப்பு நின்றுபோனது.

இங்கே கவனிக்க வேண்டியது, பழுது எங்கே இருந்தது என்பது. இரண்டு ஐ.எம்.பி.க்களும் தொலைபேசி இணைப்பும் தம் வேலையைச் சரியாகச் செய்தன. 'ஜி' வரை கண்ட எஸ்.ஆர்.ஐ. கணினி, கட்டளை இன்னதென்று புரிந்துகொண்டு எஞ்சிய எழுத்துகளையும் சேர்த்து ஒரே மூச்சில் திருப்பி அனுப்ப முயன்றது. ஒரு நேரத்தில் ஓர் எழுத்தே வரும் என்று இடம் ஒதுக்கியிருந்த நிரலால் அதைத் தாங்க முடியவில்லை. இடம் பெரிதாக்கப்பட்டது. சுமார் ஒரு மணி நேரத்தில் இணைப்பு முழுமையாக நடந்தது. எல்லைக்கோடு தெளிவாக இருந்ததும், இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு பார்த்ததும் அந்த விரைவுக்குக் காரணம்.

அவ்வாண்டு முடிவதற்குள் சான்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் யூட்டா பல்கலைக்கழகமும் இணைந்து, வலையமைப்பு நான்கு இடங்களாக வளர்ந்தது.

பழுதின் இடத்தைக் காணும் முறை

பி.பி.என். குழுவினர் கேம்பிரிட்ஜில் இருந்தார்கள். கருவிகளோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருந்தன. ஒவ்வொரு முறையும் விமானம் ஏறிச் சென்று பார்க்க முடியாது. ஆகவே பழுது காண்பதற்கான வழிகள் கருவிக்குள்ளேயே அமைக்கப்பட்டன.

*உசாவல்:* ஒவ்வோர் ஐ.எம்.பி.யும் பக்கத்து ஐ.எம்.பி.யிடம் அரை நொடிக்கு ஒரு முறை 'நலமா' என்று கேட்கும். 'கேட்டேன்' என்று பதில் வர வேண்டும். பதில்கள் தொடர்ந்து வராவிட்டால் அந்த இணைப்பு செத்ததாகக் கருதப்படும். மீண்டும் உயிர் பெற்றதாகக் கொள்ள, ஒரு பதில் போதாது. தொடர்ச்சியாகப் பல பதில்கள் வர வேண்டும். விட்டு விட்டு வேலை செய்யும் கம்பியை நம்பி ஏமாறாமல் இருக்க இந்த ஏற்பாடு.

*பிழை காணுதல்:* கம்பியில் போகும் ஒவ்வொரு பொதியோடும் 24 பிட் சரிபார்ப்பு எண் ஒன்றை இடைமுகச் சுற்று சேர்த்தது. மறுமுனையில் கணக்கு ஒத்துவராவிட்டால் பொதி கைவிடப்படும். ஒப்புதல் வராததைக் கண்டு அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார்.

*திருப்புச் சோதனை:* லூப்பேக் எனப்படும் இதுவே மிக எளியதும் மிகப் பயனுள்ளதும் ஆகும். இடைமுகத்திலிருந்து வெளியே போகும் பாதையை அதன் உள்ளே வரும் பாதையோடு இணைத்துவிட்டால், அனுப்பியது அப்படியே திரும்பி வர வேண்டும். முதலில் இடைமுகத்திலேயே திருப்புவது. சரியாக இருந்தால் மோடத்தில் திருப்புவது. பிறகு எதிர்முனையில் திருப்புவது. எந்தக் கட்டத்தில் செய்தி திரும்பவில்லையோ, பழுது அதற்கும் முந்தைய கட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஐ.எம்.பி.யின் நிரலே ஆணையிட்டு இடைமுகத்தைத் திருப்ப முடிந்தது.

*காவல் கடிகாரம்:* நிரல் குறித்த நேரத்துக்குள் தன் இருப்பைத் தெரிவிக்காவிட்டால், ஒரு கடிகாரச் சுற்று கட்டுப்பாட்டைப் பாதுகாக்கப்பட்ட சிறு நினைவகப் பகுதிக்கு மாற்றும். தொடக்கத்தில் காகித நாடாவிலிருந்து நிரலை மீண்டும் ஏற்றினார்கள். பின்னர் பக்கத்து ஐ.எம்.பி.யிடமிருந்தே நிரலை வாங்கிக்கொள்ளும் வசதி வந்தது.

இவற்றின் தகவல்களைத் திரட்ட 1970 வாக்கில் பி.பி.என். ஒரு வலையமைப்புக் கட்டுப்பாட்டு மையத்தை அமைத்தது. அலெக்ஸ் மெக்கென்சி அதைப் பொறுப்பேற்று வளர்த்தார். ஐ.எம்.பி.க்கள் தம் நிலையையும் இணைப்புகளின் நிலையையும் அந்த மையத்துக்கு அறிவித்துக்கொண்டே இருந்தன. இதனால் தொலைதூர நகரம் ஒன்றில் தொலைபேசி இணைப்பு பழுதானால், அந்த ஊர்த் தொலைபேசி ஊழியர்களுக்குத் தெரிவதற்கு முன்பே கேம்பிரிட்ஜில் தெரிந்துவிடும். வேறொரு கோடியிலிருந்து ஒருவர் அழைத்து உங்கள் கம்பி சரியில்லை என்று சொன்னபோது அவர்கள் வியந்தார்கள்.

நம்பிய இடத்தில் வந்த பழுது

மேற்கண்ட வழிகள் பெரும்பாலும் கம்பியைச் சந்தேகித்து அமைந்தவை. கம்பியில் போகும்போது பொதிக்குக் காவல் உண்டு. ஆனால் வந்து சேர்ந்து, சரிபார்க்கப்பட்டு, நினைவகத்தில் அமர்ந்த பிறகு அதற்குக் காவல் இல்லை. நினைவகம் பொய் சொல்லாது என்பது குழுவின் நம்பிக்கையாக இருந்தது.

1970களின் தொடக்கத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஐ.எம்.பி.யின் நினைவகத்தில் ஒரு பகுதி பழுதானது. எந்த இடத்துக்கு எவ்வளவு தொலைவு என்று குறித்து வைக்கும் வழிப்பட்டியல் அந்தப் பகுதியில் இருந்தது. படித்தபோதெல்லாம் பூச்சியம் வந்தது. 'எல்லா இடங்களும் எனக்குப் பூச்சியத் தொலைவில்தான் இருக்கின்றன' என்று அது பக்கத்து ஐ.எம்.பி.க்களுக்கு அறிவித்தது. அவை நம்பின, அவற்றின் பக்கத்தில் இருந்தவையும் நம்பின. வலையமைப்பின் போக்குவரத்து ஹார்வர்டை நோக்கித் திரண்டு அங்கேயே மறைந்தது. ஜான் மெக்குவிலன் 1973-இல் எழுதிய குறிப்பு இத்தகைய பழுதுகளை ஆராய்கிறது. அதன் பயனாக, வன்பொருள் சரிபார்ப்போடு மென்பொருள் சரிபார்ப்பும் சேர்க்கப்பட்டது.

1979-இல் வழி காணும் முறையே மாற்றப்பட்டது. புதிய முறையில் ஒவ்வோர் ஐ.எம்.பி.யும் தன் இணைப்புகளின் நிலையை அறிவிக்கும். அந்த அறிவிப்பு எல்லா ஐ.எம்.பி.க்களுக்கும் பரவும். எது புதிய அறிவிப்பு என்று தெரிய 0 முதல் 63 வரையிலான வரிசை எண் இடப்பட்டது. 63-க்குப் பிறகு மீண்டும் 0. சுழலும் எண் என்பதால் ஒப்பிடுவதற்கு ஒரு விதி இருந்தது. பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் வேறுபாடு 32 வரை இருந்தால் பெரிய எண்ணே புதியது. அதற்கு மேல் போனால் சிறிய எண்ணே புதியது.

1980 அக்டோபர் 27 அன்று ஆர்ப்பாநெட் சில மணி நேரம் முடங்கியது. 29-ஆம் எண் ஐ.எம்.பி.யின் வன்பொருளில் பிட்டுகள் உதிர்ந்துகொண்டிருந்தன. அதன் பக்கத்தில் இருந்த 50-ஆம் எண் ஐ.எம்.பி.யின் அறிவிப்பு 44 என்ற எண்ணோடு கிளம்பி, பிட்டுகள் உதிர்ந்ததால் 40, 8 என்ற எண்களோடும் உலவியது. இரும எண்ணில் 44 என்பது 101100. ஒரு பிட் உதிர்ந்தால் 101000, அதாவது 40. இன்னொன்றும் உதிர்ந்தால் 001000, அதாவது 8.

இப்போது விதியைப் பொருத்திப் பார்க்கலாம். 40-ஐ விட 44 புதியது, வேறுபாடு 4. 8-ஐ விட 40 புதியது; வேறுபாடு 32. ஆனால் 8-க்கும் 44-க்கும் வேறுபாடு 36. எனவே 44-ஐ விட 8 புதியது. மூன்றும் ஒன்றையொன்று துரத்தும் வட்டமாகிவிட்டன. ஒவ்வோர் ஐ.எம்.பி.யும் வந்த அறிவிப்பைப் புதியதென்று ஏற்று, எல்லாருக்கும் பரப்பி, அடுத்ததையும் புதியதென்று ஏற்றது. முடிவே இல்லை. வழக்கமான போக்குவரத்துக்கு இடமில்லாமல் போனது. ஒரு கருவியை மட்டும் நிறுத்தி மீண்டும் இயக்கியும் பயனில்லை. பக்கத்துக் கருவிகள் அதே அறிவிப்புகளை உடனே அதற்குள் நிரப்பின. இறுதியில், 50-ஆம் ஐ.எம்.பி.யின் அறிவிப்புகளைப் புறக்கணிக்கும் ஒட்டு நிரல் ஒன்று எல்லா ஐ.எம்.பி.க்களிலும் போடப்பட்ட பிறகே வலையமைப்பு மீண்டது. பி.பி.என். நிறுவனத்தின் எரிக் ரோசன் 1981-இல் இந்நிகழ்வை மறைக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டார்.

பிற்கால விளைவுகள்

அந்த வெளிப்படைத்தன்மை பயன் தந்தது. இத்தகைய பழுதிலிருந்து தானே மீளக்கூடிய பரப்பு முறையை 1983-இல் ரேடியா பெர்ல்மன் முன்வைத்தார். இன்று பெரிதும் பயன்படும் ஓ.எஸ்.பி.எஃப். வழிகாணும் நெறிமுறையில் வரிசை எண் சுழல்வதில்லை; 32 பிட் நீளத்தில் நேர்கோட்டில் ஏறிச் செல்கிறது. அறிவிப்புக்கு ஆயுள் வரம்பு உண்டு. சரிபார்ப்புத் தொகை அறிவிப்போடு நினைவகத்திலும் தங்குகிறது.

1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் டி.சி.பி./ஐ.பி. நெறிமுறைக்கு மாறியது. 1990-இல் வலையமைப்பு முறைப்படி மூடப்பட்டது. யு.சி.எல்.ஏ.வில் நிறுவப்பட்ட முதல் ஐ.எம்.பி. இன்றும் அங்கே காட்சிப்பொருளாக உள்ளது.

ஆயினும் அதன் முறை காட்சிப்பொருளாகிவிடவில்லை. திசைவியில் ஓர் இடைமுக அட்டையைச் செருகும் இன்றைய மாணவர் நிலையைக் கேட்டால், பல திசைவிகள் இரண்டு விடைகளைத் தருகின்றன: இடைமுகம் இயங்குகிறதா, அதன் மேல் ஓடும் நெறிமுறை இயங்குகிறதா. கம்பியில் மின்குறிப்பு வருவது ஒன்று. எதிர்முனை பதில் சொல்வது வேறொன்று. முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை என்றால், கம்பியை மாற்றுவதற்கு முன் இரு முனைகளின் அமைப்புகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு திருப்புச் சோதனை: அருகில் தொடங்கி, ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிச் சென்று பார்ப்பது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய 'பிங்' நிரலும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இந்த வரலாறு மாணவருக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. எல்லைக்கோட்டைத் தெளிவாக வரைந்து, அதன் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே சோதித்தால், பெரும்பாலான பழுதுகள் விரைவில் அகப்படும். அப்படியும் அகப்படாத பழுது, சோதிக்கத் தேவையில்லை என்று நாம் விட்டுவைத்த பகுதியில் இருக்கக்கூடும். ஹார்வர்டிலும் 1980-இலும் அது நினைவகமாக இருந்தது.